ரத்த உறவு ஜாமீன்

ஏட்டு மாசிலாமணிக்கு உள்ளங்கை வேர்க்கிறது. விலங்கு மாட்டக் கூடாது என்பதால், காலையில் வேனை விட்டு இறங்கியதிலிருந்து என் வலது கை விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார், புதிதாகக் கல்யாணமான ஜோடி பீச்சுக்கு வந்த மாதிரி. இந்தக் கோர்ட் வராந்தாவில் பெஞ்சுக்கு ஒரு ஜோடி இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கையில் நாலு மோதிரம் இருந்தது, கோத்துப் பிடித்தால் ஏட்டுக்கு வலித்திருக்கும். இப்போது தோலும் எலும்பும்தான், அவருக்குச் சௌகரியம். மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் நம் கேஸைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று வக்கீலம்மா ஜெபமணி சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அதற்குள் யாமினி வந்தாக வேண்டும். வந்து, நீதிபதி கேட்கும்போது ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலம் நான் வெளியே. சொல்லாவிட்டால் மறுபடி வேன், மறுபடி அந்த ஜெயில் பிளாக், மறுபடி கக்கூஸ் வாசலில் வரிசை. வரிசை கூடப் பரவாயில்லை. இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்துக்கொண்டே வருகிறது, சர்க்கரை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த வேம்புலி மாசி மாதம் ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சுவலியாம், யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. தலை எண்ண வந்தபோது நாங்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தோம், அவன் மட்டும் படுத்தே இருந்தான். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம், அங்கேயே செத்துப்போவேன் என்று. எந்த போலீசுக்கும் எந்தக் கத்திக்கும் பயப்படாதவன் ஒரு கோரைப்பாய்க்குப் பயப்படுகிறேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. படுக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

விஷயம் சின்னது. ஜாமீன் கிடைத்துப் பதினோரு நாள் ஆகிறது. கிடைத்த காரணத்தை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. என்னிடம் பிடித்த கஞ்சா பதினெட்டு கிலோ. இருபதைத் தொட்டிருந்தால் லேசில் ஜாமீன் கிடையாது. லாரி லாரியாக இந்த ஊருக்குள் இறக்கியவனை, நெல்லூர் பஸ்ஸில், கால் இடுக்கில் பை வைத்துக்கொண்டு தூங்குகையில் தட்டி எழுப்பிப் பிடித்தார்கள். பிடித்த எஸ்.ஐ.க்கு என்னை அடையாளமே தெரியவில்லை. பேர் கேட்டான். துளசிங்கம் என்றேன். அப்பா பேர் என்ன என்றான். அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேரைச் சொன்னால் ஸ்டேஷனில் நாற்காலி நகரும். சரி, அது போகட்டும். ஜாமீனுக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டாயிரத்து ஒன்பதில் ஜாமீனில் வந்து தலைமறைவானவன் நான், அதனால் அந்த ஒரு நிபந்தனையை மட்டும் தளர்த்த முடியாது என்றுவிட்டார் நீதிபதி. ஒருவர் தயார், பழைய லாரி புரோக்கர், பாவம், கோர்ட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறார். ரத்த உறவுக்கு எங்கே போவது? அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே தம்பி, குடித்தே போனான். மனைவி கஸ்தூரி போய் நாலு வருஷம். மிச்சம் இருப்பது யாமினி மட்டும்தான். என் மகள். ஆனால் எந்தக் காகிதத்திலும் அவள் என் மகள் இல்லை. கஸ்தூரியின் அண்ணன் ஏகாம்பரத்தின் மகள். அப்படி எழுத வைத்தது வேறு யாரும் இல்லை, இந்தப் புத்திசாலிதான்.

புத்திசாலி என்று ஊரே சொன்னது. பத்தொன்பது வயதில் மாதவரம் லாரி ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தேன், ஆந்திரா லைன். டிரைவர் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு மூட்டையைச் சொருகிக்கொண்டு வருவார், செக்போஸ்ட்டில் வண்டி நின்றால் அவருக்கு வியர்க்கும், எனக்கு வியர்க்காது. அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் மூட்டை என் பொறுப்புக்கு வந்தது. ஒருநாள் அவர் பிடிபட்டார். ஏன் பிடிபட்டார் என்று நான் உட்கார்ந்து யோசித்தேன். வண்டி அவர் பேரில் இருந்தது, வீடு அவர் பேரில் இருந்தது, கேஸ் சிலிண்டர் முதற்கொண்டு அவர் பேரில் இருந்தது. பேரைப் பிடித்தார்கள், ஆள் தானாக வந்துவிட்டான். அன்றைக்கு முடிவு செய்தேன், என் பேரில் ஒன்றும் இருக்கக் கூடாது. அதுதான் என் தொழில், மற்றதெல்லாம் பாரம் ஏற்றி இறக்குகிற வேலை. வீடு வேலைக்காரம்மா பேரில், லாரி பெட்டிக்கடைக்காரர் பேரில், போன் எப்போதோ செத்துப்போன யாரோ ஒருவர் பேரில். தொண்ணூற்றைந்தில் கூவத்துக்கு வடக்கே என் சரக்கு இல்லாத சந்து கிடையாது, ஆனால் என் பேரில் ஒரு ரேஷன் கார்டுகூடக் கிடையாது. ஒரு இன்ஸ்பெக்டர் என் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே சொன்னார், "உன்னப் புடிக்கலாம் துளசி, இன்னாத்துல போட்டுப் புடிக்கறதுன்னுதான் தெரியல." பெருமையாக இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

"இன்னா துளசிங்கம், கால அப்டித் தடவுற?" என்கிறார் ஏட்டு.

"சுகர் ஏட்டய்யா."

"காலைல சாப்ட்டியா?"

"ரெண்டு பன்னு குடுத்தாங்க."

"வர்றது யாரு? பொண்ணா?"

"மச்சான் பொண்ணு" என்கிறது என் வாய். நான் சொல்லவில்லை, வாய் சொல்கிறது. இருபத்தேழு வருஷப் பழக்கம், கால் பிரேக்கில் போய் விழுகிற மாதிரி. இதையே உள்ளே நீதிபதி முன்னாலும் உளறிவைத்தால் என்ன ஆவது? வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

கஸ்தூரி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பேப்பரில் ஒரு செய்தி வந்தது. கொருக்குப்பேட்டை மோகன் பிடிபட்டான். எனக்குச் சமமாக இருந்தவன், மூன்று வருஷம் கையில் அகப்படாதவன். எங்கே பிடிபட்டான் என்றால், அவன் பெண் படிக்கிற பள்ளிக்கூட ஆண்டு விழாவில், முதல் வரிசை நாற்காலியில். குழந்தை மேடையில் மயில் வேஷம் போட்டு ஆடிக்கொண்டிருந்ததாம். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அப்பா பேர் இருந்தது, அதை வைத்து விழா என்றைக்கு என்று பார்த்து மஃப்டியில் வந்து பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு முடிகிறவரை விட்டார்கள், அந்த மட்டும் நல்லவர்கள். நான் அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன். ஏகாம்பரம் ரயில்வேயில் ஃபிட்டர், ஒரு வம்புக்கும் போகாத மனுஷன், கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. நர்சிங் ஹோமில் கஸ்தூரியைச் சேர்க்கும்போதே பேர் சாந்தா, கணவர் ஏகாம்பரம் என்று எழுதச் சொன்னேன். சாந்தா மச்சான் பெண்டாட்டி. பிறந்தது பெண். கஸ்தூரி மூன்று நாள் சோறு தொடவில்லை. "பேர்தானே, பால் நீதானே குடுக்கப்போற" என்று நான்தான் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆறு மாதம் பால் கொடுத்தாள், பிறகு குழந்தை பக்கத்துத் தெருவுக்கு, மச்சான் வீட்டுக்குப் போயிற்று. யாமினி என்னை மாமா என்று கூப்பிட்டாள், கஸ்தூரியை அத்தை என்று. முறைப்படி பார்த்தால் ரொம்பச் சரி, யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அவளுக்கு ஆறு வயதில் அம்மை போட்டது. நான் இரண்டு நாள் மச்சான் வீட்டிலேயே இருந்தேன். வேப்பிலையால் கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு அம்மை வந்தால் வரட்டும் என்று. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள், "மாமா, நீங்க உங்க வீட்டுக்குப் போகலையா?" குழந்தை சும்மா கேட்டதுதான். மணி என்ன, பதினொன்று ஐந்து. இன்னும் வரவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது, ஏட்டு என் விரலை இறுக்குகிறார். ஓடிவிடுவேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. இந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடுவதாவது.

விழுந்த கதை சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஜனங்கள் கேட்பார்கள், உள்ளே புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், அண்ணே, எப்படிண்ணே போச்சு என்று. துப்பாக்கிச் சண்டை, துரோகம் என்று ஏதாவது எதிர்பார்ப்பார்கள். போதை மாத்திரை வந்தது, போன் வந்தது, அவ்வளவுதான். எனக்கு வலது கையாக இருந்த சகாயம் ஒருநாள் வந்து நின்றான். "அண்ணே, இப்ப யாருக்கும் சந்து வேணாம், கடை வேணாம். லொகேஷன் அனுப்புனா போதும்" என்றான். மாத்திரை வேண்டாம்டா என்றேன். ஏன் வேண்டாம் என்றால், அந்த மீன்காரம்மா. பெயர் தெரியாது. பஜாரில் என் கார் நின்றபோது கூடைத் தண்ணீரை அப்படியே கண்ணாடியில் ஊற்றினாள். அவள் பிள்ளை ரயிலில் விழுந்தானாம், என் சரக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் யாருக்கும் கையில் கொடுத்ததில்லை, நான் கொடுத்தவனுக்குக் கொடுத்தவனுக்கும் கொடுத்தவன், எனக்கு பீடி வாடைகூட ஆகாது. இதை டிரைவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் சொன்னேன். இப்போது யாரிடம் சொல்கிறேன்? மீன் வாடை அந்தக் காரில் ஒரு மாதம் போகவில்லை, கடைசியில் காரை மாற்றினேன். அதுவும் என் பேரில் இல்லை. சகாயத்திடம் மாத்திரை வேண்டாம் என்றதற்கு அவள்தான் காரணமா, இல்லை எனக்கு அந்தத் தொழில் புரியவில்லையா? நல்லவன் மாதிரி சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. புரியவில்லை என்பதுதான் நிஜம்.

சகாயம் போனான், கூட இருந்தவர்கள் போனார்கள். நான் போய் மூன்று வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வீட்டில் வேலைக்காரம்மாவின் மருமகன் உட்கார்ந்திருக்கிறான், பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறான். "எங்க மாமியாரு பேர்லதானே சார் இருக்கு?" சார் என்றான், மரியாதை குறையவில்லை. லாரி பெட்டிக்கடைக்காரருடையது. வாங்கிப் போட்ட கிரவுண்டு நிலம் இன்னொருவருடையது. அவர்கள் யாரும் திருடவில்லை, கையெழுத்து அவர்களுடையது. எந்தக் கோர்ட்டுக்குப் போய் என்ன சொல்வேன்? அடித்துப் பிடுங்க ஆளும் இல்லை. கஸ்தூரியும் நானும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம், அவள் இட்லி சுட்டுக் கொடுத்தாள், நான் பக்கத்து ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் படுத்துவிட்ட பிறகுதான் நெல்லூர் பஸ். பழைய சரக்கு ஆள் ஒருவன், பெரியவர் ஆச்சே என்று ஒரு பை கொடுத்தான். முதல் தடவை நானே தூக்கியது நாற்பது வருஷத்துக்கு முன்னால். கடைசித் தடவையும் நானே தூக்கினேன்.

கஸ்தூரி ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் யாமினியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கதவு சாத்தியிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்துகொண்டு வந்தாள், கண் சிவந்திருந்தது. நேராகக் கேண்டீனுக்குப் போய் ஒரு கப் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினாள். "மாமா, காபி." அதில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தது, எனக்குச் சர்க்கரை ஆகாது என்று அவளுக்குத் தெரியாது. மகளாக இருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

அப்படிப்பட்டவளிடம்தான் வக்கீலம்மாவை அனுப்பி, வந்து ரத்த உறவு என்று சொல்லு என்று கேட்டிருக்கிறேன். கேட்டவன் நான், அதில் மாற்றமில்லை. பாய்க்குப் பயந்து கேட்டேன். யாமினி லேப் டெக்னீஷியன் படித்திருக்கிறாள். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து உத்தரவு வந்துவிட்டது என்று ஏகாம்பரம் சொல்லியனுப்பினார், மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அது தெரிந்தும் கேட்டேனா? தெரிந்துதான் கேட்டேன். வேலைக்கும் இதற்கும் என்ன என்று அப்போது யோசிக்கவில்லை என்று சொல்லலாம். யோசித்தேன். விரலைப் பார்த்தேன், கறுப்பு மேலே ஏறியிருந்தது, சொல்லியனுப்பிவிட்டேன்.

ஜெபமணி வேகமாக வருகிறார், கறுப்பு அங்கி ஒரு தோளில் நழுவியிருக்கிறது.

"வந்துட்டாங்க, பின்பக்கப் படி வழியா வந்து கோர்ட்டு உள்ள நிக்கிறாங்க" என்கிறார். "ஏகாம்பரம் சார், பொண்ணு உங்களோடதுன்னு அபிடவிட்ல கையெழுத்து போட்டு அனுப்பிட்டாரு. ஆனா ஜட்ஜ் பொண்ணு வாயாலயும் கேப்பாரு."

"சொல்லுவாளா?"

அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறார். குரலைத் தணித்துக்கொள்கிறார். "ஒண்ணு சொல்லிடறேண்ணே. இது ரெக்கார்டுல ஏறிடுச்சுன்னா அவங்க பர்த் சர்டிபிகேட் பொய்யின்னு ஆயிடும். அடுத்த மாசம் அவங்களுக்கு சர்டிபிகேட் வெரிபிகேஷன். அந்த வேலை நிக்காது. உங்க மச்சான் பென்ஷனுக்கும் கேள்வி வரலாம். அவங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னா?"

"கேட்டுகிட்டாங்க. பேப்பர எல்லாம் அடுக்கி உறைல போட்டுகிட்டாங்க."

நான் தரையைப் பார்க்கிறேன். மொசைக் தரை, யாரோ துப்பிய வெற்றிலைக் கறை ஒன்று. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இப்போதே, இந்த அம்மாவிடமே. மனு வேண்டாம், பொண்ணை வீட்டுக்கு அனுப்புங்க என்று. எட்டு வார்த்தைகூட ஆகாது. சொல்ல வாயெடுக்கும்போது டவாலி கதவைத் திறந்து என் பேரைக் கூப்பிடுகிறார், மூன்று தடவை, ராகமாக. ஏட்டு எழுந்து என்னையும் எழுப்புகிறார். சரி, உள்ளே போய்ச் சொல்லிக்கொள்ளலாம். நீதிபதியிடமே சொல்வேன். ஐயா, இது என் மச்சான் பொண்ணு, பெரியவங்க சொன்னாங்கன்னு வந்துடுச்சு, விட்டுடுங்க. நடந்துகொண்டே அந்த வரியை மனப்பாடம் பண்ணுகிறேன். இருபத்தேழு வருஷமாக மனப்பாடம்தானே, தடுமாற என்ன இருக்கிறது?

கூண்டில் ஏறி நிற்கிறேன். மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது. யாமினி சாம்பல் நிறச் சுடிதார், தோளில் ஒரு பை, கையில் பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். கஸ்தூரியின் மூக்கு, என் நெற்றி. எதிரில் இருக்கிற எவருக்கும் ஒரு காகிதமும் வேண்டாம், இரண்டு பேர் நெற்றியையும் பார்த்தாலே போதும். நீதிபதி அபிடவிட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்க்கிறார்.

"ஆதார்ல அப்பா பேரு ஏகாம்பரம்னு இருக்கு. இதுல வேற மாதிரி சொல்லியிருக்கீங்க. இவர் உங்களுக்கு என்ன உறவும்மா?"

அவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள். கோபமாக இல்லை, அழுகையாகவும் இல்லை. காத்திருக்கிறாள். எனக்கு நன்றாகப் புரிகிறது, அவள் எனக்கு நேரம் கொடுக்கிறாள். நீ சொல்லு, நீ ஒரு வார்த்தை சொன்னால் நான் இப்படியே வீட்டுக்குப் போகிறேன் என்று அந்தப் பார்வை சொல்கிறது. வரி நாக்கு நுனியில் இருக்கிறது. ஐயா, இது என். அவ்வளவு வரைக்கும் வந்து நிற்கிறது. கால் விரல் விண்விண்ணென்று தெறிக்கிறது. வேம்புலியின் பாயைச் சுருட்டி எடுத்துப்போன சத்தம் காதில் கேட்கிறது. அது மட்டுமா? அது மட்டும் இல்லை. அவள் வாய் எந்த எழுத்தில் திறக்கும் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சீட்டு விழுவதைப் பார்க்கிறவன் மாதிரி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. நான் வாயைத் திறக்கவில்லை.

"அப்பா" என்கிறாள்.

"சத்தமா சொல்லுங்கம்மா, பதிவு பண்ணணும்."

"எங்க அப்பா, சார்."

கிளார்க் தட்டச்சு செய்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. உடம்பெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது, அதை நினைத்தால் இந்தக் கூண்டிலேயே மண்டையை முட்டிக்கொள்ளலாம் போல வெட்கமாகவும் இருக்கிறது. வெளியே போவதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றேனா, அதைக் கேட்பதற்காக நின்றேனா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. எதற்காக என்றாலும் அவள் மூன்று தடவை பரீட்சை எழுதியது போயிற்று. நீதிபதி கையெழுத்துப் போடுகிறார். அவளும் போடுகிறாள், மூன்று இடத்தில், ஒவ்வொன்றாக, எங்கே எங்கே என்று கிளார்க்கைக் கேட்டு, நிதானமாக.

வராந்தாவுக்கு வந்த பிறகு, "யாமினி" என்று கூப்பிடுகிறேன். அவள் பிளாஸ்டிக் உறைக்குள் ஆதாரைச் சொருகி, உறையைப் பைக்குள் வைத்து, ஜிப்பை மூடுகிறாள். பிறகுதான் நிமிர்கிறாள்.

"ஆர்டர் ஜெயிலுக்குப் போய்ச் சேர அஞ்சு மணி ஆகுமாம். வாசல்ல ஆட்டோ நிக்கும், டிரைவர்கிட்ட அட்ரஸ் சொல்லிட்டேன். அந்தக் கால் விரல ஆஸ்பத்திரில காட்டுங்க. நான் வரமாட்டேன், மாமா."

சரிம்மா என்கிறேன்.